காய்ச்சல் விட்டாச்சு, களத்தில் இறங்கலாமா? மோனோ வந்த கபடி வீரருக்கு ஒரு பதில்

கேள்வி: வயது 20. கல்லூரி கபடி அணியில் ரெய்டர். காய்ச்சலும் தொண்டை வலியும் தொடங்கி இன்றோடு 17 நாள். முதலில் டான்சில் என்று சொல்லி அமாக்சிசிலின் கொடுத்தார்கள். சில நாளில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வந்துவிட்டது. பிறகு ரத்தப் பரிசோதனை செய்து ‘இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்’ என்றார்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு 148. காய்ச்சல் விட்டு நாலு நாளாகிறது, பசியும் எடுக்கிறது. இரண்டு வாரத்தில் மண்டலப் போட்டி. “லேசா பிராக்டிஸுக்கு வா, பிடியில மட்டும் சேராதே” என்கிறார் கோச். போகலாமா? ஜிம்முக்கு எப்போது போகலாம்?

பதில்: இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். இந்த வாரம் லேசான பயிற்சியும் வேண்டாம். மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பதில் தப்பில்லை. உங்களுக்குத் தெம்பு போதாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மண்ணீரலை நினைத்துத்தான் சொல்கிறோம்.

மோனோவில் இரண்டு கணக்கு தனித்தனியாக ஓடும். உடம்பின் தெம்பு ஒரு கணக்கு, மண்ணீரல் இன்னொரு கணக்கு. காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, கால் துறுதுறுவென்று இருப்பதெல்லாம் முதல் கணக்கு. அதை வைத்து இரண்டாவதையும் முடிவு செய்யும்போதுதான் விபரீதம் நடக்கிறது.

இந்த நோயைக் கொண்டுவரும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகத் தொற்றுவது. நம் ஊரில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, சாதாரணச் சளிக்காய்ச்சல் போல, வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. கல்லூரி வயதில் முதல்முறை தொற்றுகிறவர்களுக்குத்தான் இந்தப் பாடு. வைரஸோடு மல்லுக்கட்ட வெள்ளணுக்கள் ஏகமாகப் பெருகுகின்றன. அவை போய்க் குவியும் இடங்கள் கழுத்தில் நெறிகட்டிய கட்டிகள், டான்சில், கல்லீரல், மண்ணீரல். மண்ணீரல் சாதாரணமாக இடப்பக்கம் 9 முதல் 11 வரையான விலா எலும்புகளுக்கு அடியில் பத்திரமாக ஒளிந்திருக்கும் உறுப்பு. வீங்கியதும் விலாவின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். எலும்பின் மறைப்பு போய்விடுகிறது. உள்ளே அணுக்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் அதன் உறையும் இழுபட்டு மெலிந்திருக்கும்.

வீக்கம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அதாவது காய்ச்சல் தணிந்து, ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும் அதே நாட்களில். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அங்கேதான். மண்ணீரல் கிழிவது அபூர்வம். ஆயிரம் மோனோ நோயாளிகளில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை என்கிறார்கள். ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி உயிருக்கே ஆபத்து. கிழிந்தவர்களில் பெரும்பகுதி முதல் மூன்று வாரத்துக்குள். எட்டாவது வாரம் வரைகூடச் சிலருக்கு நடந்திருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிழிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அடியே படவில்லை. குனிந்தது, முக்கியது, கனம் தூக்கியது, சிலருக்கு அதுவும் இல்லை. அதனால் ‘பிடியில் சேராமல் இருந்தால் போதும்’ என்ற கோச்சின் கணக்கு இங்கே உதவாது. கபடியில் பிடி மட்டுமா இருக்கிறது? கோட்டைத் தொட டைவ் அடிக்கிறீர்கள், மூச்சை அடக்கி உந்துகிறீர்கள், வார்ம்-அப்பில் யாரோ ஒருவர் தோளால் இடிக்கிறார்.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் குழப்பம் வருகிறது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து எண்ண வேண்டாம். காய்ச்சலோ தொண்டை வலியோ முதலில் தொடங்கிய நாள்தான் ஒன்றாம் நாள். எப்போது தொடங்கியது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், பின்னால் வரும் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: 21 நாள் வரை உடற்பயிற்சியே இல்லை. அதன்பின் அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் லேசான, யார் மீதும் மோதாத பயிற்சி. மோதல் உள்ள விளையாட்டுக்குக் குறைந்தது நாலு வாரம். கால்பந்து, கூடைப்பந்துக்கு இந்த நாலு வாரத்தை ஏற்கலாம். கபடிக்கு நாங்கள் ஆறு வாரம் என்று சொல்வோம். ஏழு பேர் ஒருவர் மேல் விழுகிற ஆட்டம் இது. இடுப்பைப் பிடித்துப் பிளாக் போடும்போது தோள் வந்து இடிக்கும் இடம் பெரும்பாலும் அந்த விலாவின் கீழ்விளிம்புதான். உங்கள் போட்டி 31-ஆம் நாள் வாக்கில் வருகிறது. நாலு வாரக் கணக்குப்படி பார்த்தாலும் தயாராக உங்களுக்குப் பத்து நாள்கூட இருக்காது.

“ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால்?” என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரே ஒரு ஸ்கேன் அவ்வளவாக உதவாது. நோய் வரும் முன் உங்கள் மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உயரமான விளையாட்டு வீரர்களுக்கு இயல்பிலேயே பெரிதாக இருக்கும்; ஒருவருக்கு 13 சென்டிமீட்டர் இயல்பு, இன்னொருவருக்கு அதுவே வீக்கம். ரிப்போர்ட்டில் ‘லேசான வீக்கம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து இடிந்துபோகவும் வேண்டாம், ‘நார்மல்’ என்றிருப்பதைக் காட்டிச் சீக்கிரம் இறங்கவும் வேண்டாம். முன்பே எடுத்த ஸ்கேனில் தெளிவாகப் பெரிதாக இருந்திருந்தால், ஐந்தாறு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. வீக்கம் குறைந்துவிட்டதா என்று நீங்களே விலாவுக்கடியில் அழுத்திப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றதும் ‘குடலேற்றம்’ என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட ஆளிடம் கூட்டிப்போகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மோனோ வந்தவருக்கு இதைவிட ஆபத்தான வைத்தியம் கிடையாது. வீட்டில் பெரியவர்களிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

இடது விலாவுக்குக் கீழே திடீரென்று சுரீரென்ற வலி, அடியே படாமல் இடது தோள்பட்டை நுனியில் வலி, எழுந்தால் கண் இருட்டுவது, முகம் வெளிறி நாடி படபடவென்று அடிப்பது. இவற்றில் எது வந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள், பைக்கில் போகாதீர்கள். தோளில் வலி வருவதற்குக் காரணம், வயிற்றில் கசிந்த ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவது. அதன் நரம்பு தோளின் உணர்வோடு ஒரே இடத்தில் போய்ச் சேருகிறது. இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் ‘எனக்கு மோனோ வந்திருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டான்சில் வீங்கி எச்சில்கூட விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, அதுவும் அவசர நிலைதான்.

வீட்டில் இருக்கும்போது முக்க வேண்டிய எதையும் செய்யாதீர்கள். தண்ணீர் கேன் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது, பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது எல்லாம் இதில் சேரும். மலச்சிக்கலும் இதே கணக்குதான், அதனால் பப்பாளி, கீரை, தண்ணீர் தாராளமாக. போதாவிட்டால் இரவில் இசப்கோல். படியேறுவது, வீட்டுக்குள் நடப்பது, வகுப்புக்குப் போய் உட்காருவது எல்லாம் செய்யலாம். முழுநேரமும் படுக்கையில் கிடக்கத் தேவையில்லை. அப்படிக் கிடந்தால் தெம்பு திரும்பத்தான் நாளாகும்.

இனி மருந்து. வைரஸைக் கொல்லும் மாத்திரை என்று இதற்கு எதுவும் இல்லை. அசைக்ளோவிரும் பலன் தரவில்லை. ஸ்டீராய்டு, மூச்சுப்பாதை அடைபடும் நிலை போன்ற சில சிக்கல்களுக்கு மட்டும்; அதுவும் டாக்டர் முடிவு. சீக்கிரம் ஆட வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்குவதல்ல. வலிக்குப் பாராசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு 3 கிராமைத் தாண்டாமல். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். எஸ்ஜிபிடி கூடியிருப்பதால் இன்னும் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்பிரின் வேண்டாம். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிப்பதற்கு ஒரு டம்ளர் வெந்நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும்.

உங்களுக்கு வந்த தடிப்பைப் பற்றி. மோனோ இருக்கும்போது அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளைக் கொடுத்தால் பலருக்கும் இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் இது பென்சிலின் அலர்ஜி இல்லை. நோய் போனபின் அதே மருந்து பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் நீங்களாகச் சோதித்துப் பார்க்காதீர்கள். நடந்ததை நோயின் பெயரோடு சேர்த்து மருத்துவக் குறிப்பில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘பென்சிலின் ஆகாது’ என்று மொட்டையாக எழுதிவிட்டால், பின்னாளில் தேவையான நேரத்தில் நல்ல மருந்து ஒன்று கைவிட்டுப் போகும்.

எஸ்ஜிபிடி 148 என்பது மோனோவில் சகஜம். பெரும்பாலும் ஐந்தாறு வாரத்தில் தானாக இறங்கிவிடும். அதுவரை மது ஒரு சொட்டுகூட வேண்டாம். கீழாநெல்லியோ வேறு பச்சிலைச் சாறோ குடிக்க வேண்டாம். ஏற்கெனவே வீங்கியிருக்கும் கல்லீரலுக்கு என்ன அளவு போகிறது என்று தெரியாத எதையும் கொடுக்காதிருப்பதே நல்லது. ஜிம்மில் விற்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடரும் அதே பட்டியல்தான். மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது, பயிற்சி தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பல நாள் ஓய்வுக்குப் பின் வெயிட் தூக்கினால் தசையிலிருந்தே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறும், ஒரு வாரம்வரை இறங்காது. அதைப் பார்த்துக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று வீணாகக் கவலைப்படுவீர்கள்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. தொண்டை வலி இருக்கும்வரை கஞ்சி, இட்லி, தயிர் சாதம். பிறகு முட்டை, மீன், பருப்பு. எடை குறைந்திருந்தால் மூன்று வேளையையும் ஐந்தாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

22-ஆம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை, பகலில் தூங்காமல் வகுப்பை ஓட்ட முடிகிறது என்றால் சமதரையில் 20 நிமிடம் நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். அன்றைக்கு நன்றாக இருப்பது கணக்கில்லை, மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. தினமும் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், நாடியை ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். இப்போதிருந்தே எண்ணத் தொடங்கினால் ஒப்பிட எண் கையில் இருக்கும். வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடினாலோ, அடித்துப்போட்டது போல் இருந்தாலோ அன்று ஓய்வு, அடுத்த நாள் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். இரண்டு மூன்று நாள் தொந்தரவில்லாமல் போனால் 30 நிமிடம். அதன்பின் இரண்டு நிமிட மெது ஓட்டம், ஒரு நிமிட நடை என ஆறு சுற்று. நேரத்தையும் வேகத்தையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள்.

நாலு வாரம் முடிந்தபின் கபடி மேட் விரிப்பில் தனியாகக் கால் அசைவுப் பயிற்சி, போனஸ் கோட்டுப் பயிற்சி, எதிரில் ஆளில்லாமல் ரெய்டு. ஜிம்மும் அப்போதுதான்: முன்பு தூக்கியதில் பாதி எடை, மூச்சை அடக்காமல், தூக்கும்போது வெளியே விட்டபடி. சிட்-அப், பிளாங்க், டெட்லிஃப்ட் மூன்றும் ஆறு வாரத்துக்குப் பின். ஆறு வாரம் கடந்து டாக்டர் ஒருமுறை பார்த்துச் சரி என்றதும், முதலில் மெதுவாக ஒருவரோடு ஒருவர் பிடிப் பயிற்சி, அப்புறம் டைவ், கடைசியாக முழு ஆட்டம். ‘கபடி கபடி’ என்று பாடிப் போகும்போது 30 நொடி தாங்குகிற மூச்சு உடனே வராது. அதை அவசரப்படுத்தினால் மறுபடி படுத்துவிடுவீர்கள்.

எவ்வளவு நாளில் பழைய தெம்பு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் தனக்கு மோனோ வந்ததை 2008 மார்ச்சில் வெளியே சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே யூ.எஸ். ஓபன் வென்றார். இரண்டு முறை ஃபிரெஞ்சு ஓபன் இறுதிக்கு வந்த ராபின் சோடர்லிங், 2011-இல் மோனோ வந்தபின் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2015-இல் ஓய்வை அறிவித்தார். இரண்டுமே ஓரத்து உதாரணங்கள். உங்கள் வயதில் பெரும்பாலோர் ஓரிரு மாதத்தில் இயல்பு வாழ்க்கைக்கு வந்துவிடுகிறார்கள். பத்தில் ஒருவருக்கு ஆறு மாதம் வரை அசதி இழுக்கலாம். மூன்று மாதம் தாண்டியும் சோர்வு நகரவில்லை என்றால் ‘மோனோதான்’ என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, விட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா, மனது சோர்ந்திருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் பேசுங்கள்.

அணித் தோழர்கள் பயப்படத் தேவையில்லை, உங்களைத் தனியறையில் வைக்கவும் வேண்டாம். ஆனால் எச்சிலில் வைரஸ் பல மாதம் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் பாட்டிலில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள், வேறு யாரும் வாய் வைக்க விடாதீர்கள்.