கலிபோர்னியாவில் பேட்டரி (அடிதடி) வழக்கை அடிபட்டவர் வாபஸ் வாங்க முடியுமா?

கேள்வி: சான் ஹோசேயில் என் தம்பிக்கும் அவனுடைய ரூம்மேட்டுக்கும் கைகலப்பு. போலீஸ் வந்து பேட்டரி கேஸ் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இப்போது இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். ரூம்மேட் வாபஸ் வாங்கத் தயார். தம்பி எச்1பி வேலை விசாவில் இருக்கிறான். இனி என்ன நடக்கும்?

பதில்: நான் வக்கீல் இல்லை. ஆனால் இதே சான்டா கிளாரா கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), என்னோடு வேலை பார்த்த ஒருவரின் வழக்குக்காக ஹெட்டிங் தெருவிலுள்ள ஹால் ஆஃப் ஜஸ்டிஸ் கோர்ட்டில் பல நாள் துணைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தோடு, அப்போது தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரூம்மேட் நினைத்தால் வழக்கு போய்விடாது. நம் ஊரில் சாதாரண அடிதடி வழக்கை அடிபட்டவரே ராஜியாகி முடித்துவிடலாம். கலிபோர்னியாவில் வழக்கின் பெயரே ‘கலிபோர்னியா மாநில மக்கள் எதிர் இன்னார்’. போடுவதும் விடுவதும் கவுன்டியின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அரசு வக்கீல், கையில். 2008-ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மார்சி சட்டப்படி (பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளுக்கானது) அடிபட்டவர் தன் கருத்தைச் சொல்லலாம். ஆனால் அவர் சாட்சி சொல்ல வராவிட்டாலும், 911 அவசர அழைப்பின் பதிவு, போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்கும் கேமரா காட்சி, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி ஆகியவற்றை வைத்தே வழக்கை நகர்த்த முடியும்.

குற்றச்சாட்டுத் தாளில் தண்டனைச் சட்டத்தின் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 242 என்றால் சாதாரண பேட்டரி. காயமே வேண்டியதில்லை, கோபத்தில் வேண்டுமென்றே பிடித்துத் தள்ளினாலே போதும். அதிகபட்சம் 6 மாதம் கவுன்டி ஜெயில், 2,000 டாலர் அபராதம். பலத்த காயம் இருந்தால் 243(டி). அதை ஃபெலனியாகவும், அதாவது பெரிய குற்றமாகவும், போடலாம், அப்போது 4 வருடம் வரை போகும். கணவன் மனைவி, காதலர்கள், பிரிந்த துணை என்றால் 243(இ)(1). அது குடும்ப வன்முறை. தண்டனையை நிறுத்தி நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டாலும் 52 வார வகுப்புக்குப் போக வேண்டும், கீழே நான் சொல்லும் இரண்டு நல்ல வழிகளும் அடைபட்டுவிடும். வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் வெறும் ரூம்மேட் என்பது உங்கள் தம்பிக்கு இந்த இடத்தில் பெரிய ஆறுதல்.

முதல் வழி, ‘சிவில் காம்ப்ரமைஸ்’, அதாவது நஷ்டஈடு கொடுத்துச் சமரசம். வாபஸ் என்று நீங்கள் நினைப்பதற்கு மிக நெருக்கமானது இதுதான். தண்டனைச் சட்டத்தின் 1377, 1378 பிரிவுகளில் இருக்கிறது. ரூம்மேட் நீதிபதி முன்னால் வந்து, ‘எனக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கிடைத்துவிட்டது, திருப்தி’ என்று சொன்னால், நீதிபதி விரும்பினால் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். ஆஸ்பத்திரி பில், உடைந்த போன் போன்ற செலவைக் கொடுத்துத் தீர்ப்பதுதான் வழக்கம். டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி எதிர்த்தாலும் நீதிபதி செய்யலாம். மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வழக்குக்கு மட்டும்தான் இது. தயவுசெய்து இந்தப் பேச்சை வக்கீல் மூலமாகவே நடத்துங்கள். ‘பணம் தருகிறேன், கோர்ட்டுக்கு வராதே’ என்று தம்பியே ஒரு வாட்ஸ்அப் அனுப்பினால், அது சாட்சியைக் கலைத்ததாக இன்னொரு வழக்காகிவிடும்.

இரண்டாவது, நீதிபதி தரும் டைவர்ஷன், அதாவது வழக்கை மாற்றுப் பாதையில் விடுவது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 1001.95-வது பிரிவு. குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. வழக்கை 24 மாதம் வரை நிறுத்திவைத்து, கோபக் கட்டுப்பாட்டு வகுப்பு, சமூக சேவை, நஷ்டஈடு, எதிராளியிடம் நெருங்காமல் இருப்பது என்று நிபந்தனைகள் போடுவார்கள். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. இதற்கும் அரசு வக்கீலின் சம்மதம் கட்டாயம் இல்லை.

இவை கிடைக்காதபோது, சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிக்க அரசு வக்கீலோடு பேரம். பேட்டரியை 415-க்கு, அதாவது அமைதியைக் குலைத்த குற்றத்துக்கு, இறக்கி முடிப்பது அடிக்கடி நடக்கிறது. 90 நாள் ஜெயிலும் 400 டாலர் அபராதமும் என்பது அதன் உச்சம். பேரமும் படியாவிட்டால் ஜூரி விசாரணை. 12 பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் தண்டனை. மிஸ்டிமீனர் வழக்கில், ஜெயிலுக்கு வெளியில் இருப்பவருக்கு 45 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பேச நேரம் வேண்டும் என்பதற்காக வக்கீல்களே அந்த உரிமையை விட்டுக்கொடுப்பது சகஜம். வாய்தா நீள்கிறதே என்று பயப்படாதீர்கள்.

இதில் என் மனசு அதிகம் கிடந்து அடித்துக்கொள்வது விசா விஷயத்தில்தான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று முதல் நாளே ‘நோ கான்டெஸ்ட்’ (வழக்கை எதிர்த்து வாதாடவில்லை) என்று சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. 1996 முதல் குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டோ நோ கான்டெஸ்ட் சொல்லியோ, ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டாலே அது குற்றத் தீர்ப்பு. பிறகு கவுன்டி கோர்ட் நன்னடத்தைக்காக அதை நீக்கினாலும் குடியேற்றத் துறை நீக்காது. அதனால் ஒப்புக்கொள்ளாமல் முடியும் வழிக்கும், ஒப்புக்கொண்டு ‘லேசாக’ முடியும் வழிக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. நாடு கடத்தும் ஆபத்தைப் பற்றி வக்கீல் எச்சரித்தே ஆக வேண்டும் என்று 2010-ல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் அரசு வக்கீலும் பேரத்தின்போது குடியேற்றப் பாதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தம்பி இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் உண்டு, அதற்குக் குடியுரிமை தேவையில்லை. கோர்ட்டில் பேசுவது புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்பதும் மாநில அரசியல் சட்டம் தரும் உரிமை.

முதல் தேதியில் போனால் ‘உங்கள் பெயரில் வழக்கே பதிவாகவில்லை’ என்று சொல்லி அனுப்பலாம். அதை நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம். மிஸ்டிமீனர் என்றால் சம்பவத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போடலாம், கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டால் பிடிவாரன்ட் வரை போகும். ரூம்மேட்டோடு தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தால், சமாதானமாகிவிட்டாலும் அது நீங்கும்வரை தம்பி வேறு இடத்தில் தங்க வேண்டும்.

அப்புறம், வழக்கு நல்லபடியாக முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் முடிவின் முத்திரையிட்ட நகல்கள் சிலவற்றை, வழக்குப் பதிவை மற்றவர்கள் பார்க்காதபடி மூடிவைக்க மனு போடுவதற்கு முன்பே, வாங்கி வையுங்கள். விசா விண்ணப்பத்தில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா’ என்று கேட்பார்கள். கைதாகியிருந்தால், வழக்கு தள்ளுபடியானாலும் அதற்கு ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும், கூடவே இந்த நகலைக் காட்ட வேண்டும்.