பரலோகக் குடியிருப்பும் பிரதேச சபையும்

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது ஆவணியில் மடு மாதா கோவிலுக்கு நடந்து போகிற கத்தோலிக்கக் குடும்பத்தில். கலியாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டாரோடு ஒரு சிறிய சபைக்குப் போகிறேன். ‘நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில். வோட்டுப் போடுவது உலகத்தோடு கலப்பது’ என்று போதகர் சொன்னதால் 2025 மே பிரதேச சபைத் தேர்தலுக்கு நான் போகவில்லை. அம்மா கேட்டு அழுதுவிட்டா. அண்ணா 2009இலிருந்து காணவில்லை. ‘அவனுக்காக எண்டாலும் போட்டிருக்கலாமே’ என்கிறா. நான் போனால் சபையில் முகம் காட்ட முடியாது என்று மாமி சொல்கிறா. போனால் பாவமா? போகாதது பாவமா?
பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: பிள்ளை, முதலில் உங்கள் மனப்பாரத்தை இறக்கி வையுங்கள். வோட்டுப் போடப் போனால் பாவமில்லை. மே மாதம் வீட்டில் இருந்ததைப் பாவக்கணக்கில் எழுத எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், அடுத்த முறை போங்கள் என்றுதான் சொல்வேன்.

போதகர் காட்டியது பிலிப்பியர் 3:20. ‘நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது.’ அந்த வசனத்தை லேசாக எடுத்துப் பேச என்னால் முடியாது. பங்கருக்குள் கிடந்த நாட்களில் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் யார் அதை எழுதினார், எந்த ஊருக்கு எழுதினார் என்று பாருங்கள். பவுல் அதைப் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதினார். பிலிப்பி, ரோமர் குடியேற்றிய பட்டணம். ரோமக் குடியுரிமைக்கு அங்கே பெரிய மதிப்பு. சரி, அதே பட்டணத்தில் அதே பவுல் அதற்கு முன்னர் என்ன செய்தார்?

இன்றிரவு அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் சனத்துக்கு முன்னால் அடித்து, காலில் தொழுமரம் மாட்டி, சிறையில் போட்டார்கள். விடிந்ததும் ‘விட்டுவிடுங்கள்’ என்று ஆள் அனுப்பினார்கள். நானென்றால் தப்பினேன் பிழைத்தேன் என்று ஓடியிருப்பேன். பவுல் அசையவில்லை. நாங்கள் ரோமர், விசாரிக்காமல் எல்லாருக்கும் முன்னால் அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து வேண்டிக்கொண்டார்கள். பவுலுக்கு இதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, அவர் அன்றே ஊரை விட்டுப் போகிறவர். லீதியாளின் வீட்டில் கூடுகிற சின்னச் சபை அங்கேயே இருக்கப்போகிறது. நாளைக்கு அவர்கள் மேல் கை வைக்க அதிகாரிகள் யோசிக்க வேண்டும் என்றே அவர் அப்படி நின்றார் என்று நான் வாசிக்கிறேன். பிறகு ஒருநாள் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்று சொன்னதும் இதே குடியுரிமையை வைத்துத்தான். பரலோகத்தில் குடியிருப்பு இருக்கிறது என்று அவ்வளவு உறுதியாக இருந்தவர், கையில் இருந்த உரிமையை அடுத்தவருக்கு உதவும் இடத்தில் மறைத்து வைக்கவில்லை.

வேதத்தில் வோட்டு இல்லை என்பது உண்மை. இராஜாக்களுக்காக ஜெபிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய காலத்தில் சாதாரண சனத்தின் கையில் வாக்குச்சீட்டு இருக்கவில்லை. இந்தத் தீவில் 1931இலிருந்து இருக்கிறது. மழைக்கு ஜெபிக்கிறோம், அப்புறம் வயலுக்குப் போய் வரம்பும் கட்டுகிறோம். இதுவும் அப்படித்தான். உங்கள் பிறந்த வீட்டுத் திருச்சபை இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி, வரி கட்டுவதோடு சேர்த்து வாக்குரிமையைப் பயன்படுத்துவதையும் ஒழுக்கக் கடமை என்கிறது.

போதகரிடம் மரியாதையாக ஒன்று கேட்டுப் பாருங்கள். சபையில் ஒருவர் கண்ணை மூடினால் எங்கே அடக்கம் செய்வது? கத்தோலிக்கருக்குச் சேமக்காலை இருக்கும். சிறிய சபைகளுக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு துண்டுக் காணி இருக்காது. பொது மயானத்தில் இடம் கேட்க வேண்டும், அதற்குப் பிரதேச சபையிடம் போக வேண்டும். முன்பள்ளிக்குப் போகிற கிறவல் ரோட்டு, சந்தியில் எரியாத லைட், சந்தைக் குப்பை எல்லாமே அந்தப் பிரதேச சபையின் பொறுப்பு. இப்போதைய முறையில் உறுப்பினர்களில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்திலிருந்தே வருகிறார்கள். அநேகமாக உங்கள் படலையடியால் சைக்கிளில் போகிற, முகம் தெரிந்த ஆள். பிள்ளைகள் சேற்றில் விழுந்து எழும்பி வருகிற ரோட்டைப் பற்றி அவரிடம் போய்ப் பேச வேண்டி வரும். அப்படிப்பட்ட ஆளைத் தெரிவுசெய்வதில் விசுவாசம் எப்படிக் கெட்டுப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நியாயாதிபதிகள் 9இல் மரங்கள் ராஜா தேடிப்போன கதை உண்டு. ஒலிவ மரம் மாட்டேன் என்றது, அத்தி மாட்டேன் என்றது, திராட்சையும் மாட்டேன் என்றது. ஒவ்வொன்றுக்கும் தன் எண்ணெய், தன் பழம், தன் ரசம் பெரிதாக இருந்தது. கடைசியில் முட்செடி வந்து, என் நிழலில் ஒதுங்குங்கள் என்றது. வன்னி வெயிலில் பாலை மரத்தின் கீழ் நின்றவர்களுக்கு முட்செடியின் நிழல் எவ்வளவு என்று தெரியும்.

வோட்டுப் போடாமல் விடுவதற்கும் மனச்சாட்சி காரணமாக இருக்கலாம். அதை மறுக்கவில்லை. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அதில் முன்னின்ற ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர். முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்றார்கள். வடக்கின் நாலு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. சரியோ பிழையோ, சனத்தைப் பற்றிய கவலையில் எடுத்த முடிவு அது.

2005 வேறு மாதிரி. அந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், கிளிநொச்சியும் அதற்குள்தான் வருகிறது, நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் போட்டார்கள். நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்தது 180,786 வாக்கு. புலிகள் பகிஷ்கரிக்க வைத்த தேர்தல் அது, போகாமல் இருந்தது அன்று எங்கள் தெரிவாக இருக்கவில்லை. அதற்குப் பின்னால் யுத்தம் முடியும்வரை வந்த மூன்றரை வருடத்தைப் பற்றி உங்கள் வீட்டுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர் வென்றிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் எங்கள் வாயை வேறு ஆட்கள் பொத்தியிருந்த காலத்தைக் கண்டவன் நான். இப்போது சபையின் பெயரால் நாங்களே பொத்திக்கொள்கிறோம் என்று கேட்கும்போது நெஞ்சு நோகிறது.

உங்கள் அம்மா அண்ணாவைப் பற்றிச் சொன்னதை வாசித்தபோது 2013 செப்டெம்பர் 21 எனக்கு ஞாபகம் வந்தது. மாகாண சபைத் தேர்தல். வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாக்காளர் இடாப்பைப் பார்க்கிற வேலை. வருகிறவரின் இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசித்து, அடிமட்டம் வைத்து அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்ட வேண்டும். காலமை ஒன்பது மணியிருக்கும், கழுத்தில் செபமாலையோடு ஒரு அம்மா வந்தா. பெயரை வாசித்தேன், வரியை வெட்டினேன். அவ நகரவில்லை. “தம்பி, அதுக்குக் கீழ என்ர மகன்ர பேர் கிடக்கோ, ஒருக்காப் பாருங்கோ” என்றா. கிடந்தது. ஒவ்வொரு வருடமும் கிராம அலுவலர் தருகிற படிவத்தில் அவ அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறா. வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. அடிமட்டத்தை அந்த வரிக்குக் கீழே இறக்கி வைத்தேன். அவ குனிந்து பார்த்தா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது கையின் சின்ன விரலை மை பூசுகிறவரிடம் நீட்டினா. அந்த அம்மா அன்று உலகத்தோடு கலந்தா என்று எந்தப் போதகர் வந்து சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) சனத்தொகைக் கணக்கையே எடுத்துக் காட்டி, யுத்தத்தின் கடைசியில் வன்னியில் கணக்கில் வராத 146,679 பேர் எங்கே என்று கேட்டார். அவரும் பரலோகத்தை நம்பியவர். எங்கள் சனம் எண்ணப்பட வேண்டும் என்ற அந்த அக்கறையைத்தான் நான் உங்கள் அம்மாவின் பேச்சிலும் கேட்கிறேன்.

யாருக்குப் போடுவது என்று நான் சொல்லமாட்டேன். போதகரும் சொல்லக்கூடாது, பாதரும் சொல்லக்கூடாது. மோசேக்கு அவருடைய மாமனார் சொன்ன அளவுகோல் யாத்திராகமம் 18:21இல் இருக்கிறது. திறமை, தெய்வபயம், உண்மை, பொருளாசையை வெறுக்கிற மனம். தேர்தலுக்கு முதல் நாள் சாராயப் போத்தலோடும் கூரைத் தகரத்தோடும் வருகிறவரை அந்த வசனத்தோடு வைத்துப் பாருங்கள், போதும்.

இனி வீட்டு விஷயம். போதகரோடு வாதாடி வெல்லப் பார்க்க வேண்டாம். ‘அவனவன் தன் தன் மனதில் முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்’ என்று ரோமர் 14இல் இருப்பது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். போகக்கூடாது என்று அவர் மனதார நம்பினால் அவர் போகாமல் இருக்கட்டும். கணவரிடம் தனியாக இருந்து பேசுங்கள், உங்கள் அண்ணாவைப் பற்றியும் பேசுங்கள். அந்த நோவு அவருக்கு முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். கலியாணத்துக்குப் பிறகு உங்கள் பெயர் எந்த வீட்டு இடாப்பில் இருக்கிறது என்று கிராம அலுவலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அம்மா வீட்டு இடாப்பில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். தேர்தல் நெருங்கிய பிறகு ஓடினால் நடக்காது.

மாமிக்கு மறைத்துப் போக வேண்டாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது இரகசியம், போனது இரகசியமில்லை. விரலில் மை நாள்கணக்கில் நிற்கும், சோறு பரிமாறும்போது அவ கண்டுவிடுவா. அதற்கு முதல் நாளே, தேத்தண்ணி கொடுக்கும்போது, “மாமி, நான் நாளைக்குக் காலமை போட்டு வாறன்” என்று நேரே சொல்லிவிடுங்கள்.