மாநாட்டு உரைகளைத் தேர்வது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கோலாலம்பூரில் நடந்த ஒரு திறமூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள் மாநாட்டுக்கு இவ்வாண்டு முதன்முறையாக ஓர் உரைக்கான முன்மொழிவை அனுப்பினேன். தமிழ்ப்பள்ளி நூலகம் ஒன்றின் கணினிப் பட்டியலில் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகள் வரும் நூல்கள் தேடலில் அகப்படாமல் போனதையும் அதை நான் சரிசெய்த விதத்தையும் பற்றியது அது. முன்மொழிவுகளை எல்லோரும் பார்க்கலாம், யாரும் மதிப்பெண் இடலாம் என்பது அங்கே விதி. எனக்கு மூவர் இட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் “இது எத்தனை பேருக்குப் பயன்படும்?” என்று ஒரு வரி எழுதியிருந்தார். நிராகரித்துவிட்டார்கள். நன்கு அறியப்பட்ட ஒருவர் இரண்டே வரியில் அனுப்பியது ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்ணோடு தேர்வானது. சமூக மதிப்பீடு என்பது செல்வாக்குக்குப் போடும் வாக்குதானா? அடுத்த ஆண்டு மதிப்பீட்டாளராக வரும்படி அதே குழு என்னை அழைத்திருக்கிறது. தள்ளப்பட்ட எனக்கு அதற்குத் தகுதி உண்டா? பெயரை வெளியிட வேண்டாம்.

வாசகி,
பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு நேர்ந்ததை மதிப்பீடு என்று சொல்லமாட்டேன், அது வாக்கெடுப்பு. வாக்களிப்பவர் தமக்கு எது பிடிக்கிறது என்று காட்டினால் போதும்; மதிப்பிடுபவரோ முன்மொழிவை முழுதும் படித்து, அது யாருக்கு எதைத் தரும், எங்கே குறைகிறது என்று எழுத்தில் வைத்து, அந்த எழுத்துக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். பெயர்களோடு பட்டியலைத் திறந்துவைத்து எல்லோரையும் மதிப்பெண் இடச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைக் கோலாலம்பூரில் சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இணைப்பு அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். உடன் வேலை செய்பவர்கள் மறுநாள் பசியாறும் நேரத்தில் வந்து ஐந்துக்கு ஐந்து இட்டுவிட்டுப் போவார்கள். பட்டியலின் தலைப்பில் இருப்பதை ஐம்பது பேர் பார்ப்பார்கள், அடியில் கிடப்பதை மூன்று பேர். ஒவ்வொரு மதிப்பீட்டாளருக்கும் பட்டியலை வேறு வரிசையில் கலைத்துக் காட்டுவதும், எந்த முன்மொழிவும் இத்தனை பேர் படிக்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்று பங்கிட்டுக் கொடுப்பதும் பெரிய வித்தை அல்ல. ஆனால் உழைப்பு வேண்டும்: 150 முன்மொழிவுகளை, ஒவ்வொன்றுக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம் வீதம், மூவர் படித்தால் 75 மணி நேரம் ஆகிறது, அத்தனையும் வேலை முடிந்து வீடு திரும்பிய தன்னார்வலர்களின் இரவு நேரம்.

அப்படி உழைத்தாலும் மதிப்பெண் ஓர் அளவுக்குமேல் தாங்காது. 2014இல் மொன்றியலில் நடந்த நிப்ஸ் என்னும் எந்திரக் கற்றல் ஆய்வு மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை, அதாவது 166 கட்டுரைகளை, இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். 43 கட்டுரைகளில் இரு குழுக்களின் முடிவும் மாறுபட்டது. கால்வாசிதானே என்று தோன்றும். பெரும்பாலான கட்டுரைகள் எப்படியும் தள்ளப்படுபவை என்பதை நினைவில் கொண்டு பார்த்தால், ஒரு குழு ஏற்றுக்கொண்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு தள்ளியிருக்கிறது. துறை வல்லுநர்கள் பக்கக்கணக்கில் குறிப்பு எழுதிய இடத்திலேயே இந்த நிலை என்றால், காரணம் எழுதாத மூன்று பேரின் எண்களைக் கூட்டி வகுத்து வந்த சராசரியைக் கண்டு நீங்கள் மனம் நோவது வீண். மதிப்பெண்ணால் மிக நல்லதையும் மிக மோசமானதையும் பிரிக்கலாம். நடுவில் நெருக்கமாக நிற்பவற்றை, பெயர் சொல்லி முன்னால் நிற்கும் ஒரு சிறு குழு, எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்து, ஒரே பொருளில் நான்கு உரைகள் சேர்ந்துவிடாமல் பார்த்துத் தேர்ந்து, ‘சமூகம் தேர்ந்தது’ என்று பின்னால் ஒளிந்துகொள்ளாமல் தன் முடிவாகவே அறிவிக்க வேண்டும்.

இனி அந்த ஒற்றை வரிக் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் முன்மொழிவின் குறையும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். அதில் பள்ளி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, பிழை கண்டுபிடித்த கதை சுவையாக இருக்கிறது. அது ஏன் நேர்ந்தது என்பது கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது. ‘கொ’ என்பதை, கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறையான யூனிகோடில், ககரத்தோடு ‘ொ’ என்னும் ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம், ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இயல்பாக்கம் செய்யாத, அதாவது இரு வடிவங்களையும் ஒன்றாக மாற்றிக்கொள்ளாத, நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். நீங்கள் கையொப்பமிட்ட பட்டர்வொர்த்திலும் இந்தச் சிக்கல் உண்டு, நான் இருக்கும் கோலாலம்பூரிலும் உண்டு. வியட்நாமிய மொழியின் குறியிட்ட உயிரெழுத்துகளுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் இதே இரட்டை வடிவம் இருப்பதால், பயனர்களின் பெயரைத் தேடும் எந்த நிரலை எழுதுபவரும் கேட்க வேண்டிய உரை அது. இந்த ஒரு வாக்கியம் முதலில் வந்திருந்தால் அந்த மதிப்பீட்டாளரின் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. தமிழைப் பற்றியது என்றால் 2001இலும் 2013இலும் இங்கே கோலாலம்பூரில் நடந்ததைப் போன்ற தமிழ் இணைய மாநாட்டில்தான் பேச வேண்டும் என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சம் உங்கள் சுருக்கத்திலும் தெரிகிறது.

பெயரை மறைத்து மதிப்பிட்டால் சரியாகிவிடுமா என்றால், பாதி சரியாகும். பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி மாநாட்டில் 2012இல் பெண்களை முன்மொழிவு அனுப்பும்படி தேடிச்சென்று ஊக்குவித்து, வந்தவற்றைப் பெயர் நீக்கித் தேர்ந்தார்கள். பேச்சாளர்களில் 25 விழுக்காட்டினர் பெண்களாக அமைந்தார்கள். தேடிச்சென்று கேட்டதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும், பலர் அதை விட்டுவிட்டு மறைத்ததை மட்டும் சொல்கிறார்கள். மலேசியத் திறமூல வட்டம் சிறியது. எந்த மென்பொருளை யார் எழுதுகிறார் என்று தெரிந்தவர்களுக்குப் பெயரை நீக்கினாலும் ஆள் தெரிந்துவிடும். முதல் சுற்றில் பெயரில்லாமல் படிப்பது, தேறியவற்றை இரண்டாம் சுற்றில் பெயரோடு பார்ப்பது என்பதே எனக்கு ஏற்புடையது.

அந்தப் பிரபலத்தின் மீது எனக்குக் கோபமில்லை. நுழைவுச்சீட்டு விற்க அவரைப் போன்றவர்கள் தேவை. ‘சிறப்பு அழைப்பாளர்’ என்று நேராகவே அழைத்திருக்கலாம். உங்களோடு வரிசையில் நிற்கவைத்து அவரை வெற்றி பெறச் செய்ததுதான் தவறு.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். நிச்சயம் போங்கள். மற்றவர்களின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் உங்கள் குறிப்பை எழுதிவிடுங்கள். தெரியாத பொருளாக இருந்தால் ‘இத்துறை எனக்குப் புதிது, இரண்டாம் பத்தியோடு எனக்குப் புரியாமல் போயிற்று’ என்று எழுதுங்கள், ஏனெனில் அரங்கில் பாதிப்பேர் உங்களைப் போன்றவர்களாகவே இருப்பார்கள். வேண்டியவர்களின் முன்மொழிவு வந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். நிலமும் கல்வியும் உடைய ஒரு சபையாருக்குள் நடந்த அந்தத் தேர்வின் கடைசிக் கட்டம் குலுக்கல்தான் என்பது ஒருபுறம் இருக்கட்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது, இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது என்று விலக்க வேண்டியவர்களை அதில் எவ்வளவு கவனமாக எண்ணி அடுக்கியிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பாருங்கள்.

சுருக்கத்தைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள். உங்கள் முன்மொழிவை நீங்கள் மதிப்பிட முடியாது என்பதைக் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டு நானும் ஒன்று அனுப்புவதாக இருக்கிறேன். பெயரில்லாமல் வந்தாலும் என் நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்தக் கடிதப் போக்குவரத்தைக் காரணம் காட்டி அதை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.