ஒரே சோடியம் சிலிக்கேட், ஒரே அமிலம், ஆனால் இரண்டு விதமான சிலிக்கா ஜெல்: எங்கே மாறியது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறார், வீட்டில் கிராம்பு வியாபாரம். உமிச்சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து சோடியம் சிலிக்கேட் எடுத்து, அதிலிருந்து ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் செய்து, கிராம்புப் பொட்டலத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். பங்குனியில் செய்த முதல் ஜெல் கண்ணாடிச் சில்லு மாதிரி தெளிவாக, கெட்டியாக வந்தது, பொட்டலத்தில் நன்றாக வேலையும் செய்தது. ஆடியில் செய்த இரண்டாவது வெள்ளையாக, சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது. "தண்ணீரில் போட்டால் இரண்டாவதுதான் அதிகம் குடிக்கிறது. ஆனால் பொட்டலத்தில் போட்டால் கிராம்பு நமுத்துப் போகிறது. செய்முறை ஒன்றுதானே சார், இது எப்படி?" என்று கேட்கிறார்.

செய்முறை ஒன்று இல்லை அம்மா. உங்கள் கடிதத்தைக் கூர்ந்து படித்தால் நாலு இடத்தில் மாறியிருக்கிறது. முதல் தடவை அமிலத்தில் சிலிக்கேட்டை ஊற்றினீர்கள், இரண்டாம் தடவை சிலிக்கேட்டில் அமிலத்தை ஊற்றினீர்கள். முதல் தடவை ஆர்.ஓ. தண்ணீரில் கழுவினீர்கள், இரண்டாம் தடவை போர்வெல் தண்ணீர். பிறகு கல்லூரிக்குப் போக வேண்டியிருந்ததால் இரண்டு நாள் அதே தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டீர்கள். கடைசியாக, முதலாவது வெயிலில் காய்ந்தது, இரண்டாவது சாரலில் நாலைந்து நாள் ஈரமாகவே கிடந்து காய்ந்தது. இதில் எதையும் நீங்கள் செய்முறையின் பகுதியாக எண்ணவில்லை, ஆனால் ஈரத்தைப் பிடிக்கும், ஜெல்லுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளைத் தீர்மானிப்பது இவைதான். கலக்கும்போது துளை உண்டாகிவிடுகிறது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கலப்பதில் தொடங்கி, கழுவுவதில் உருமாறி, காய்வதில்தான் முடிவாகிறது.

முதலில் உங்கள் முரண்பாட்டை அவிழ்ப்போம், ஏனென்றால் அது புரிந்தால் மற்றது தானாக வரும். ஜெல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது துளைகளின் மொத்தக் கொள்ளளவு. காற்றிலிருக்கும் ஈரத்தை எந்த அளவில் பிடிக்கும் என்பது துளையின் அகலம். இரண்டும் வேறு வேறு. ஈர ஆவி ஒரு குறுகிய துளைக்குள் தண்ணீராக மாறிச் சேர வேண்டுமென்றால் துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு குறைந்த ஈரப்பதத்திலேயே அது நடக்கும். துளையின் அகலத்தையும் ஈரப்பதத்தையும் இணைக்கும் கெல்வின் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 25 டிகிரியில், ஈரப்பதம் 40 சதவீதமாக இருக்கையில் ஏறக்குறைய 2.3 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) விட்டம் வரையுள்ள துளைகளில்தான் தண்ணீர் நிரம்பும். 75 சதவீதத்தில் 7 நானோமீட்டர் வரை. 90 சதவீதத்தில் 20 வரை. சுவரில் படலமாக ஒட்டுவது இதற்கு மேல் கொஞ்சம், இவ்வளவு சின்னத் துளையில் இந்தக் கணக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் போக்கு இதுதான். மூடிய பொட்டலத்துக்குள் கிராம்பு மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமென்றால் ஈரப்பதம் அங்கே குறைவாக இருக்க வேண்டும். அந்த நிலையில் உங்கள் இரண்டாவது ஜெல்லின் அகன்ற துளைகள் காலியாகவே கிடக்கின்றன. தண்ணீரில் முக்கினால் மட்டும் எல்லாம் நிரம்புகின்றன. இதுதான் விஷயம்.

சந்தையில் விற்கும் ஏ வகை ஜெல்லில் துளை சுமார் 2 முதல் 3 நானோமீட்டர், ஒரு கிராமுக்குத் துளைச் சுவர்களின் பரப்பு 650 முதல் 800 சதுர மீட்டர், கொள்ளளவு ஒரு கிராமுக்கு 0.35 முதல் 0.45 மில்லி. சி வகையில் துளை 8 முதல் 10, பரப்பு 300, 400 என்று இறங்கிவிடும், கொள்ளளவு மட்டும் 0.8க்கு மேல். உங்கள் கையிலிருப்பது முதலாவது ஏ மாதிரி, இரண்டாவது சி மாதிரி. ஏ வகைக் குருணையைத் தண்ணீரில் போட்டால் படபடவென்று வெடித்துச் சிதறும், காதை வைத்துக் கேட்டால் பொரி பொரிவது போல் இருக்கும். சி வகை சும்மா நனையும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெள்ளையாகத் தெரிவதும் அகன்ற துளைகளில் வெளிச்சம் சிதறுவதால்தான், பெரும்பாலும்.

இப்போது எப்படி மாறியது என்று பார்ப்போம். சிலிக்கேட்டில் அமிலம் சேர்ந்ததும் சிலிசிக் அமிலம் உண்டாகிறது, அது ஒன்றோடொன்று கைகோத்து நானோமீட்டர் அளவிலான மணிகளாகத் திரள்கிறது, மணிகள் சங்கிலியாகி வலையாகின்றன. அந்த மணிகளுக்கு இடைப்பட்ட சந்துதான் துளை. மணி சின்னதென்றால் சந்தும் சின்னது. பிஎச் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2 அருகில் சிலிக்கா மணிகளில் மின்சுமை அநேகமாக இல்லை, அங்கே திரள்வது மிக மெதுவாக நடக்கும், மணியும் சின்னதாகவே நிற்கும். பிஎச் 5, 6 பக்கம் போனால் நிமிஷத்தில் உறைந்துவிடும். 7க்கு மேல் மணிகள் வளர்கின்றன, பெரிய மணி சின்ன மணியைத் தின்று பருக்கும். அமிலத்தை சிலிக்கேட்டில் ஊற்றும்போது குவளை முழுக்கக் காரமாக இருந்து பிஎச் மேலிருந்து கீழே இறங்குகிறது, ஒவ்வொரு துளி விழும் இடத்திலும் கட்டி கட்டியாக உறையும், அந்தக் காரப் பக்கத்தில் மணிகள் ஏற்கெனவே வளர்ந்துவிடும். அரை நிமிஷத்தில் உறைந்தது என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படித்ததுமே சந்தேகம் வந்தது.

ஆனாலும் பெரிய குற்றவாளி அதுவல்ல, போர்வெல் தண்ணீர் என்று நினைக்கிறேன். உறைந்த ஜெல் செத்த பொருள் அல்ல. சிலிக்கா தண்ணீரில் கொஞ்சம் கரையும், அறை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராமுக்குச் சற்று மேல், பிஎச் 9ஐத் தாண்டினால் மடமடவென்று ஏறும். மணியின் புடைத்த பக்கத்தில் கரைந்து, மணியும் மணியும் தொடும் கழுத்தில் போய்ப் படிகிறது. இதனால் வலை பலப்படும், சின்னத் துளைகள் மறையும், பெரியவை மிஞ்சும், பரப்பு குறையும். இதை ஊறுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம், சூடு, காரம் மூன்றும் இதை விரட்டும். தொழிற்சாலையில் அகன்ற துளை வேண்டுமென்றால் வேண்டுமென்றே அம்மோனியா கலந்த வெந்நீரில் கழுவுகிறார்கள், குறுகிய துளை வேண்டுமென்றால் அமிலம் கலந்த தண்ணீரில் கழுவுகிறார்கள். கடினத் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும், அது ஜெல்லிலுள்ள மிச்ச அமிலத்தைத் தின்றுவிட்டு பிஎச்சை 7, 8க்குக் கொண்டு போகும். இரண்டு நாள் அதில் கிடந்தால், அம்மோனியா ஊற்றாமலேயே நீங்கள் அந்த வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காய்வதும் சின்ன விஷயமில்லை. துளைக்குள் தண்ணீர் வற்றும்போது அதன் மேற்பரப்பு சுவர்களை உள்ளே இழுக்கிறது. 10 நானோமீட்டர் அகலத் துளையில் அந்த இழுப்பு ஏறக்குறைய 290 வளிமண்டல அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். ஊறாத மெல்லிய வலை இந்த இழுப்பில் சுருண்டு துளை குறுகும், நன்றாக ஊறிப் பலப்பட்ட வலை தாங்கி நின்று துளையை அகலமாகவே வைத்துக்கொள்ளும். உங்கள் ஆடி ஜெல் சாரலில் ஈரமாகக் கிடந்த நாட்கள் கூடுதல் ஊறல்தான். எத்தனால் மாதிரி மேற்பரப்பு இழுவிசை குறைந்த திரவத்தை மாற்றிக் காய வைத்தால் சுருக்கம் குறையும், துளை அகன்றே நிற்கும். 1931இல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த இழுப்பே இல்லாமல் திரவத்தை வெளியேற்றி, சுருங்காத, காற்று நிரம்பிய ஏரோஜெல் செய்தார். உங்களுக்கு இவை வேண்டாம். உங்களுக்குச் சுருக்கம்தான் நண்பன்.

சரி, என்ன செய்யலாம். நீர்த்த கந்தக அமிலத்தைக் குவளையில் வைத்து (தண்ணீரில் அமிலத்தைத்தான் ஊற்ற வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்), வேகமாகக் கலக்கிக்கொண்டே சிலிக்கேட்டை மெல்லிய நூலாக விடுங்கள். பிஎச் 3 வந்ததும் நிறுத்துங்கள். உறையச் சில மணி நேரமோ ஓர் இரவோ ஆகும், பொறுமையாக இருங்கள், அவசரப்பட்டு 5க்கு ஏற்றாதீர்கள். உறைந்ததை விரல் கணு அளவுக்கு வெட்டி, சில துளி அமிலம் விட்டு பிஎச் 3 ஆக்கிய தண்ணீரில் கழுவுங்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர், இல்லையென்றால் நம் ஊர் மழை சும்மா இருக்கிறதே, ஓடு, தகரம் எதிலும் படாமல் திறந்த பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீர் அருமையானது, கடினம் இல்லை, லேசாக அமிலத் தன்மையும் உண்டு. கழுவிய தண்ணீரில் பேரியம் குளோரைடு ஒரு துளி விட்டால் வெள்ளைக் கலங்கல் வரக் கூடாது, வந்தால் சல்பேட் உப்பு இன்னும் இருக்கிறது. அந்த உப்பு துளையை அடைக்கும், பின்னால் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் சோடியம் துளைச் சுவர்களையே உருக்கிக் குலைக்கும். பேரியம் விஷம், ஆய்வகத்தோடு நிற்கட்டும். கழுவி முடித்த அன்றே ஓவனில் 110 டிகிரியில் காய வையுங்கள், ஊற விடாதீர்கள். பிறகு 150 டிகிரியில் இரண்டு மணி நேரம்.

உமி பற்றி ஒன்று: மில்லிலிருந்து வரும் சாம்பலில் ரோஸ் அல்லது வெள்ளைக் கட்டிகள் இருந்தால் அது 700 டிகிரிக்கு மேல் எரிந்து படிகமாகியிருக்கலாம், காஸ்டிக் சோடாவில் சுலபமாகக் கரையாது, தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். நீங்களே குறைந்த தீயில் எரித்த சாம்பல் நல்லது. இன்னொன்று, சிலிக்கா ஜெல் தண்ணீரை மட்டும் பிடிக்காது, கிராம்பின் வாசனை எண்ணெயையும் கொஞ்சம் இழுக்கும், அதனால் அளவோடு போடுங்கள். விற்பனைப் பொட்டலத்தில் உணவுக்கு ஏற்றது என்று சோதித்த ஜெல்லையே போடுங்கள், நீங்கள் செய்ததை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் பரப்பளவு அளக்கும் கருவி இல்லை என்கிறீர்கள். கவலை வேண்டாம். இரண்டு ஊறுகாய் பாட்டில் எடுங்கள். ஒன்றில் உப்பு கரையாமல் அடியில் நிற்கும் அளவுக்குச் சாதாரண உப்புக் கரைசல், அதன் மேல் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதமாக நிற்கும். இன்னொன்றில் அதேபோல் மெக்னீசியம் குளோரைடு, 33 சதவீதம். 150 டிகிரியில் காய்ந்த ஜெல் 2 கிராம் வீதம் சின்னக் கிண்ணத்தில் கரைசல் தொடாமல் தொங்கவிட்டு, இறுக மூடி, எடை ஏறுவது நிற்கும்வரை தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு ஜெல்லையும் இரண்டு பாட்டிலிலும் வைத்த நாலு எண்களையும் எனக்கு எழுதுங்கள். 33 சதவீதப் பாட்டிலில் பங்குனி ஜெல் எவ்வளவு முந்தியது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.