மனிதர்களைவிட மற்ற பாலூட்டிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன், கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் அதிகமா?

சிலவற்றுக்கு அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. ஆனால் ரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு இனங்களை ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவோம். ‘எந்த விலங்குக்கு ஆண்மை அதிகம்’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நான் சட்டை செய்வதே இல்லை.

யானையைப் பாருங்கள். வளர்ந்த ஆண்மகனின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 3 முதல் 10 நானோகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். ஆசிய ஆண் யானைகளின் ரத்தத்தை ஆராய்ந்து ஜைனுதீனும் அவருடைய சகாக்களும் 1972இல் வெளியிட்ட அளவுகள் இவை: சாதாரண நாட்களில் 0.2 முதல் 1.4 வரை, மதம் முற்றிய நிலையில் 29.6 முதல் 65.4 வரை. ஒரு பருவத்தில் நமக்குக் கீழே, இன்னொரு பருவத்தில் நம்மைவிடப் பல மடங்கு மேலே! பட்டியலில் எதை எழுதுவது? இத்தனைக்கும், மதமில்லாத நாட்களிலும் களிறு இணை சேரும், கன்றுக்குத் தந்தையாகும்.

பெண் யானை இன்னொரு புதிர். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் என்று நாம் படித்த புரோஜெஸ்டிரோன் அதன் ரத்தத்தில் மிகச் சொற்பம். அப்படியானால் கிட்டத்தட்ட 22 மாதம் எப்படிச் சுமக்கிறது? அதற்கு நெருங்கிய உறவான டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன்தான் அங்கே பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கிறது. தேடிய பொருளே வேறாக இருக்கும்போது அளவு குறைவு என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆண் குதிரையிலும் இப்படி ஒரு வியப்பு உண்டு. அதன் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக வெளியேறுவதை சோண்டெக் என்ற ஆய்வாளர் 1934லேயே கண்டறிந்தார்.

மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்தது தென் அமெரிக்க அணில் குரங்கு. அதன் கார்டிசோல் அளவு மனிதருக்கு இருந்தால் முகம் உப்பி, வயிறு பருத்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி, குஷிங் நோய்க்குறி என்று மருத்துவர் எழுதித் தருவார். குரங்கோ கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கிறது. அதன் செல்களில் எஃப்.கே.பி.பி.51 என்ற புரதம் மிகுதி. கார்டிசோலை ஏற்கும் ஏற்பியின் பிடியை அது தளர்த்திவிடுகிறது. கதவு செவிட்டுக் கதவானால் பலமாகத் தட்டத்தானே வேண்டும்? கார்டிசோலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி அதைத்தான் செய்கிறது.

எலியிடம் கார்டிசோலைத் தேடுவதே வீண். அதன் அட்ரீனலில் 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் நொதி இல்லாததால் அந்த இடத்தில் கார்டிகோஸ்டிரோன்தான் முக்கிய ஹார்மோன். நமக்குக் கார்டிசோல் காலையில் உச்சம், இரவில் நடமாடும் எலிக்குக் கார்டிகோஸ்டிரோன் மாலையில் உச்சம். டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. புரதத்தையும் வளர்ந்த எலியின் கல்லீரல் சுரப்பதில்லை. நம் ரத்தத்திலோ சுமார் 2 சதவீத டெஸ்டோஸ்டிரோன்தான் எதனோடும் ஒட்டாமல் திரிகிறது. ஆகவே மொத்த அளவை மொத்த அளவோடு ஒப்பிட வழியில்லை.

அதே நொதி இல்லாததால் டி.ஹெச்.இ.ஏ. என்ற ஸ்டீராய்டு ஹார்மோனும் எலியின் அட்ரீனலில் உருவாவதில்லை. மனித ரத்தத்தில் மிக அதிகமாக ஓடும் ஸ்டீராய்டு அதன் சல்ஃபேட் வடிவம்தான். இருபதுகளில் உச்சத்தைத் தொட்டு வயதோடு இறங்கும். இளமையை மீட்கும் என்று டி.ஹெச்.இ.ஏ. மாத்திரையை விற்பவர்கள் எலிச் சோதனையைச் சான்றாகக் காட்டினால், எலிக்கு இயல்பில் அது எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.