சொல்லிவிட்டுப் போங்கள்: குழந்தை மனம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம். முன்பு யார் தூக்கினாலும் சிரிப்பான். இப்போது நான் குளிக்கப் போனாலே கதறுகிறான். வேலைக்குக் கிளம்பும்போது அவனுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய்விடச் சொல்கிறார் மாமியார். அப்படிச் செய்யலாமா மேடம்?

பதில்: வேண்டாம்மா. அவன் வளர்ந்திருக்கிறான், அதனால்தான் அழுகிறான். ஒன்று செய்து பாருங்கள். அவன் ஆசையாகப் பார்க்கும் கிலுகிலுப்பையை அவன் கண்ணெதிரே ஒரு துண்டால் மூடுங்கள். 5 மாதத்தில் என்றால் பெரும்பாலும் வேறு பக்கம் திரும்பியிருப்பான். இப்போது துண்டை இழுத்துப் போட்டுவிட்டு எடுப்பான். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளிடமும் இப்படிப் பொருள்களை ஒளித்து வைத்துப் பார்த்தார். கண்ணில் படாத பொருளும் எங்கோ இருக்கிறது என்று ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து குழந்தை தேடத் தொடங்குகிறது என்று எழுதினார். (அந்த அறிவு இன்னும் முன்பே துளிர்க்கிறது என்பதற்கு 1980களில் உளவியலாளர் ரெனே பேயார்ஜான் செய்த சோதனைகள் சான்று தந்தன.)

இப்போது துண்டு இருந்த இடத்தில் கதவு, கிலுகிலுப்பை இருந்த இடத்தில் நீங்கள். அம்மா எங்கோ இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிகிறது. எப்போது வருவாள் என்று தெரியவில்லை. அழுகை அங்கிருந்துதான் வருகிறது.

நழுவிப் போனால் அன்றைக்கு மட்டும் அழுகை இருக்காது, அவ்வளவுதான். அம்மா எந்த நேரத்திலும் காணாமல் போகலாம் என்ற பயம் வந்துவிட்டால், நீங்கள் அடுப்படிக்குப் போனாலும் காலைக் கட்டிக்கொள்வான். தினமும் ஒரே மாதிரி விடைபெறுங்கள். ஒரு முத்தம், "அம்மா போயிட்டு வரேன்", பாட்டி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வாசல்வரை போய்த் திரும்பித் திரும்பி வராதீர்கள். பிள்ளை அழக் கூடாதே என்ற பாசத்தில்தான் மாமியாரும் சொல்கிறார். அந்தத் துண்டு விளையாட்டை அவரையே பேரனோடு விளையாடச் சொல்லுங்கள்.

கேள்வி: பகலெல்லாம் என் அம்மாதான் மகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்றரை வயதாகிறது, விழுந்தால் பாட்டியிடம்தான் ஓடுகிறாள். என்னை மறந்துவிடுவாளா?

பதில்: மாட்டாள். பாசத்துக்கு ஒரே ஆள்தான் என்று குழந்தை வைத்துக்கொள்வதில்லை. 1954-55இல் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் உகாண்டாவின் கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். குழந்தை தவழ்ந்து கொஞ்ச தூரம் போகும், திரும்பி அம்மாவைப் பார்க்கும், மறுபடி போகும். பக்கத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தால்தான் உலகத்தைத் துணிந்து தொட்டுப் பார்க்கும். உங்கள் மகளுக்கு அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். எனக்கு இது சந்தோஷமான செய்தி. மாலையில் வீடு வந்ததும் முதல் அரை மணி நேரம் போனை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். அவள் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: நாலு வயதுப் பேரன் வாயெல்லாம் லட்டுத் தூளோடு "நான் சாப்பிடலை" என்கிறான். இப்போதே பொய்யா?

பதில்: கவலை வேண்டாம் ஐயா. தனக்குத் தெரிந்தது தாத்தாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று இப்போதுதான் அவனுக்குப் புரிய ஆரம்பித்திருக்கிறது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் இருவரும் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பொதுவாக, சாக்லேட் இப்போது இருக்கிற இடத்தையே காட்டுவார்கள். பையனுக்கு அது தெரியாதே என்ற யோசனை நாலு, ஐந்து வயதில்தான் வருகிறது. வாயில் தூளைப் பார்த்த பிறகு "சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பொய்க்கு வழி விடாதீர்கள். "லட்டு சாப்பிட்டிருக்க, வா, வாய் கழுவலாம்" என்று சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். அடி வாங்கும் பிள்ளை அடுத்த தடவை வாயைத் துடைத்துக்கொண்டு வரும்.

கேள்வி: தம்பியின் டம்ளர் உயரம் என்பதால் அவனுக்குப் பால் அதிகம் என்று 5 வயது மகள் சண்டை போடுகிறாள். கண் முன்னே அளந்து ஊற்றியும் நம்பவில்லை.

பதில்: அந்த வயதில் கண் உயரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஏழு வயதை ஒட்டித் தானாகத் தெளியும். அதுவரை ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரலால் காட்டுவதில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வரும் என்கிறார்கள்.

பதில்: இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை, அப்புறம் குழந்தை வளர்ச்சி பரிசோதனை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உதவும் டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். ஏதாவது இருந்தால், பயிற்சியை இந்த வயதிலேயே தொடங்கிவிடலாம். இந்த வாரமே போய் வாருங்கள்.