வீல்சேர்ல இருக்கற குழந்தைக்கு ஹார்ட்டும் ரத்த ஓட்டமும் நல்லா இருக்க என்ன பண்ணணும்?

"நடக்கவே இல்லையே, அப்ப ஹார்ட் வீக் ஆயிடாதா"ன்னு கேட்டிருக்கீங்க. கால் உழைக்குதா கை உழைக்குதான்னுல்லாம் ஹார்ட் பாக்காதுங்க, மூச்சு வாங்கற அளவுக்கு ஏதோ ஒண்ணு உழைச்சா போதும்.

என் பொண்ணுக்கு ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகுத்தண்டு சரியா மூடாம இருக்கற குறை), இப்ப 11 வயசு. பாவம் கை வலிக்குமேன்னு எங்க போனாலும் நானே பின்னாடி நின்னு தள்ளிட்டு போவேன், ஒருநாள் பிசியோ மேடம் "அம்மா, இப்படியே தள்ளுங்க, உங்க ஹார்ட் நல்லாருக்கும்"னாங்க. சுருக்குன்னுச்சு. அன்னிலேர்ந்து சமதரையில அவளே தள்ளிக்கறா, ஏத்தம் வந்தா மட்டும் நான். தோள்பட்டைதான் அவளுக்கு காலும், அதனால வலின்னு சொன்னா அன்னிக்கு லீவு. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, ஊனம் இருக்கற பிள்ளைங்களுக்கும் சேத்துதான், 5லேர்ந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி உடம்பு உழைக்கணும்னு. எங்களுக்கு ஆரம்பத்துல பத்து நிமிஷமே பெரிய விஷயம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்ளோதான் அளவு.

ரத்த ஓட்டம் வேற கதை. கெண்டைக்கால் சதை சுருங்கி சுருங்கித்தான் ரத்தத்தை மேல தள்ளும், அது நடக்காததால சாயங்காலம் சாக்ஸ கழட்டினா கணுக்கால்ல பள்ளமா தடம் இருக்கும், பாதம் ஊதா கலர்ல ஜில்லுன்னு இருக்கும். கொஞ்ச நேரம் படுக்க வெச்சு கால உசத்தி வெப்போம். ஜில்லுன்னு இருக்குன்னு சுடுதண்ணி பை மட்டும் வெச்சிடாதீங்க, உணர்ச்சி இல்லாத கால்ல கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும் (எங்களுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது). ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி சூடா இருந்தா வெயிட் பண்ணாம டாக்டர்கிட்ட போங்க.

ஸ்பைனா பிஃபிடால கிட்னி பாதிக்கலாம், அதனால பிரஷர் ஏறலாம், ஒவ்வொரு செக்கப்லயும் பாக்க சொல்லுங்க. சேர் தள்ளி தள்ளி இவ கை நல்லா தடிச்சிருக்கு, சின்ன கஃப் (பிரஷர் பாக்க கையில சுத்தற பட்டை) போட்டா பிரஷர் அதிகமா காட்டும், ஒரு தடவ அப்படி பயந்துட்டோம்.

உங்க பையனுக்கு என்ன பிரச்சனைன்னு நீங்க சொல்லல. டுஷென் தசைச்சிதைவுன்னா நான் சொன்ன எக்சர்சைஸ் எதையும் நீங்களா ஆரம்பிக்காதீங்க, அதுல ஹார்ட்டோட தசையே பாதிக்கும். ஓடறதில்லைங்கறதால மூச்சு வாங்கறதும் கண்ணுக்கு தெரியாது, அறிகுறி எதுவும் இல்லாட்டியும் வருஷா வருஷம் எக்கோவோ (ஹார்ட்டுக்கு எடுக்கற ஸ்கேன்) ஹார்ட் எம்ஆர்ஐயோ எடுத்தாகணும்.